முந்நூறு மரம்

விடிகாலை நாலரைக்கு எழும்புவதற்காக என் அக்காவின் பேத்தி தன் போனில் ஒரு குரலை வைத்திருக்கிறாள். ஓர் ஆண் கனத்த தொண்டையில், நீ உறுதியெடுத்துவிட்டால் உன்னைத் தடுக்க எவனும் இல்லை என்று முழங்குவார். பின்னால் முரசு அதிரும். பிள்ளை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவரை அடக்கிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் புரண்டு படுப்பாள். கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டியப் பக்கம், அக்கா வீட்டில் தங்குகிற நாட்களில் அந்த முரசுக்கு முதலில் எழும்புவது நான்தான். எழும்பியதும் ஒரு நொடி இது எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று விளங்காமல், அப்பா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பிவிட்டாரா என்று காது தேடும்.

எங்கள் லயத்தில் அந்த நேரத்துக்குத் தப்பு அடிப்பார்கள். மேட்டு லயத்தில் தொடங்குகிற சத்தம் பள்ளத்து லயத்துக்கு இறங்கி வரும்போது ஊரே இருமிக்கொண்டும் விறகு முறித்துக்கொண்டும் எழும்பியிருக்கும். ஒரு நாள் சம்பளத்துக்கு எங்கள் பக்கத்தில் பேர் என்று சொல்வார்கள். தப்புக்கு எழும்பாதவருக்கு அன்று பேர் கிடையாது. இவ்வளவுதான் அந்தத் தப்பு சொன்னது. நீ வெல்வாய் என்றோ உன்னால் முடியும் என்றோ அது ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் ஐம்பது வருடம் அதற்கு எழும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் 1966இல் இரத்தினபுரிக்குத் தெற்கே ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மலையகம் என்றதும் வெளியூர்க்காரர் கண்ணில் தேயிலையும் குளிரும்தான் வரும். சப்ரகமுவவில் வளர்ந்த எங்களுக்கு வியர்வையும் அட்டையும் இறப்பர் மரத்து நிழலும்தான் ஊர். அந்த மரமும் எங்களைப் போலக் கப்பலில் வந்ததுதான்: பிரேசில் காட்டு விதை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கன்றாக ஹெனரத்கொடையில் இறங்கியது. அந்தக் கன்றுகளின் வாரிசுகளுக்குக் குழி வெட்டத்தான் என் பாட்டனின் அப்பா தலைமன்னாரில் இறங்கியிருப்பார். வெட்டிய குழியில் வைத்த மரம் பால் தருவதற்கு ஆறேழு வருடம் பிடிக்கும். அதுவரை புல் பிடுங்கிக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை ஒரு பெரிய குணமாக எங்கள் ஆட்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அப்பாவுக்கு முந்நூறு மரம். இருட்டுப் பிரியும்போதே போய்விட வேண்டும், ஏனென்றால் காலைக் குளிரில்தான் பால் ஓடும். வெயில் ஏறினால் வெட்டுவாயிலேயே உறைந்துவிடும். முதலில் நேற்று முன்தினம் வெட்டுவாயில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, பிறகு பட்டையில் சாய்வாக ஒரு சீவல் சீவி, சிரட்டையைச் சரிபார்த்து, அடுத்த மரம். சீவல் ஒரு மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டலாம். ஆழம் போனால் மரத்துக்குப் புண், மேலோட்டமாகப் போனால் சிரட்டைக்குப் பால் இல்லை. இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்குத் தொடக்கூடாது. ஒன்றுவிட்டு ஒருநாள்தான் அதன் முறை. விடுமுறை நாட்களில் ஒட்டுப்பால் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போகும்போது, எனக்கு அந்தச் சீவலைத் தவிர வேறு எதையும் அவர் கற்றுக் கொடுத்த நினைவில்லை. “மரத்துக்கிட்ட கோவப்படாத. கோவம் கத்தியில எறங்கும். எறங்குனா அஞ்சு வருசத்துக்கு அந்த எடம் ஆறாது” என்பார்.

அந்த ஒட்டுப்பாலை நாடா நாடாவாகச் சுற்றிப் பந்து செய்வோம். தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேல் எழும்பும் பந்து. எந்தக் கடையிலும் அதற்கு இணை கிடையாது. கங்காணி பார்த்தால் பறித்துக்கொள்வார், ஏனென்றால் ஒட்டுப்பாலும் நிறுவைக்குப் போகிற சரக்கு. புகைக்கூடத்திலிருந்து வருகிற அந்தப் புளித்த வாசனையை ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்கள். எனக்கு இன்றும் எங்காவது இறப்பர் ஷீட் ஏற்றிய லொறி முந்திப் போனால் பசிக்கத் தொடங்கிவிடும், ஏனென்றால் அந்த வாசனை அடிக்கிற இடத்தில்தான் அம்மா தேங்காய் ரொட்டியோடு நிற்பார்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் பட்டை வழியே வழிந்து மழைத் தண்ணீரோடு மண்ணுக்குப் போய்விடும். எனவே விடிய முன் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டதும் அப்பா எழும்பிப்போய் இஸ்தோப்பில் நின்று வானத்தைப் பார்ப்பார், அம்மா அரிசி டின்னைப் பார்ப்பார், நானோ போர்வைக்குள் கிடந்து மழையே விடாதே என்று கும்பிட்டுக்கொண்டிருப்பேன். அப்பா வீட்டில் இருக்கிற நாள் அது ஒன்றுதானே. அவர் கத்தியைச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டே தாத்தா இந்தியாவுக்குக் கப்பலேறிய கதையைச் சொல்வார். 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் எங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்ட பிறகு, தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்க, அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுக்க, ஒரே காம்பராவிலிருந்து இரண்டு நாட்டுக்கு விண்ணப்பம் போன கதை. பேர் இல்லாத அந்த நாட்களின் கணக்கு அம்மாவின் முகத்தில் இருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பிறகு காலம் மாறி, மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் பாவாடை மாதிரி மழைக்காப்புக் கட்டத் தொடங்கினார்கள். இப்போது மழையிலும் வெட்டலாம், மாதத்துக்கு எத்தனையோ பேர் கூடுதலாக விழும். நல்ல காரியம், எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் பச்சைப் பாவாடை கட்டிய அந்த மரங்களைக் கடக்கும்போதெல்லாம், மழைநாளில் அப்பாவின் மடியில் படுத்துக் கதை கேட்கிற பிள்ளை இப்போது எந்தத் தோட்டத்திலாவது இருக்குமா என்று மனம் போகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு குட்டி ரயிலும் ஓடியது. அவிசாவளையிலிருந்து 1912இல் இரத்தினபுரிக்கு வந்து, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்ட களனிவெளி ஒடுக்கப் பாதை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிச் சில வருடங்களுக்குள் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளம் போனாலும் பாதை கிடந்தது, அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல், ஆற்றையும் வயலையும் பார்த்துக்கொண்டு. பின்னாளில் டவுன் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பாதையில்தான் நடந்தேன். போகும்போது பாடத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனால் கேட்க யாரும் இல்லை, எருமையைத் தவிர. இப்போது பாதையின் பெரும்பகுதி வீதியாகிவிட்டது. முச்சக்கர வண்டியில் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். நேரம் மிச்சம். அந்த நடையில் நான் மனப்பாடம் செய்தவை எல்லாம் இன்னும் அதே வளைவுகளோடுதான் எனக்கு நினைவில் நிற்கின்றன. சோழர் கால நிர்வாகம் என்றால் ஒரு மதகு, பருவக்காற்று என்றால் ஒரு மாமரம்.

1977 ஆகஸ்ட் இனக்கலவரத்தில், எனக்குப் பதினொரு வயதில், இரண்டு இரவு இறப்பர் மலைக்குள் படுத்திருந்தோம். கீழே லயம் எரிகிற வெளிச்சம் இலைக்கிடையில் தெரிந்தது. அம்மா ஓடி வரும்போது ஒரு பொட்டலத்தை மார்போடு கட்டிக்கொண்டு வந்தார். நகையாக்கும், அரிசியாக்கும் என்று நினைத்தோம். விடிந்து பிரித்தால் என் கொப்பிகள். எங்கள் லயத்தில் எட்டுக் குடும்பம் அதோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டது. என்னோடு ஒட்டுப்பால் பந்து சுற்றியவர்கள் எல்லாம் அந்தக் குடும்பங்களில். திரும்பி வந்து படிக்க உட்கார்ந்தபோது, இந்தக் கொப்பிகளை வீணாக்கக் கூடாது என்ற ஒன்றைத் தவிர எனக்கு இலட்சியம் என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

உயர்தரத்துக்கு அப்போது நான்கு பாடம். 2000இலிருந்துதான் மூன்றாயிற்று, நான்காவது பாடத்துக்கு நான் எரித்த மண்ணெண்ணெயை யார் திருப்பித் தரப்போகிறார்கள். குப்பி லாம்பை ஜாம் போத்தலுக்குள் வைத்துப் படிப்பேன். காலையில் மூக்கைத் துடைத்தால் துணி கறுக்கும். லயத்துக் காம்பராச் சுவர் கூரைவரை போகாது. அந்த மேல் இடைவெளி வழியே எங்கள் வீட்டுக் குழம்பின் வாசமும் சண்டையும் பக்கத்துக்குப் போகும், பக்கத்து வீட்டு இருமல் இங்கே வரும். பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மாவுக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் நான் சத்தம் போட்டுப் படிப்பது நின்றுவிட்டால் சுவரில் தட்டுவார். “என்னா தம்பி, தூங்கிட்டியா?” பரீட்சை நெருங்கிய ஓர் இரவு உத்தரமேரூர்ப் பாடத்தைக் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: “நேத்து கொடவோலைன்னு ஒண்ணு சொன்னியே, இன்னைக்கி அத விட்டுட்டியே?” காலை ஐந்துக்குப் பெரட்டுக்குப் போக வேண்டிய மனுஷி, இரவு பதினொன்றரைக்குக் குடவோலையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அக்கா குடும்பம் ஏழு பேர்ச் காணியில் தனி வீட்டில் இருக்கிறது. சுவர் கூரைவரை போகிறது. பேத்திக்குத் தனி அறை, மேசை, ஒரு விளக்கு. இருநூறு வருடம் வரிசை வீட்டில் அடைந்து கிடந்த சனத்துக்குத் தன் வாசல், தன் கொல்லை என்று ஒன்று வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் காம்பராவில் பிறந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஓர் இரவு அவள் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்ததைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். உள்ளே சத்தமே இல்லை. படிக்கிறாளா, அழுகிறாளா, தூங்கிவிட்டாளா, தெரியவில்லை. தட்டலாமா என்று யோசித்துக்கொண்டே கை தூக்கி, தட்டாமல் வந்து படுத்தேன். அன்று தட்டியிருக்க வேண்டும்.

1985இல் நான் முதல் தடவை உயர்தரம் எழுதினேன். பெறுபேறு வந்தது, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் பன்னிரண்டு புள்ளி குறைவு. பால் வெட்டுகிற வீட்டில் வெட்டுப்புள்ளி என்ற சொல் எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள். அப்பா இரண்டு முறை கேட்டு விளங்கிக்கொண்டு, “ஆழமா வெட்டிப்புட்டோம் போல. கொஞ்ச நாளைக்கி ஆறட்டும்” என்றார். உண்மைதான். கடைசி மூன்று மாதம் நான் தூங்கவே இல்லை, ஒன்றுவிட்டு ஒருநாள் என்ற முறையை மரத்துக்குக் கொடுத்த அளவுகூட எனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. பரீட்சை மண்டபத்தில் நன்கு தெரிந்த கேள்விகள் முன்னால் கிடக்க, தலைக்குள் வெறும் இரைச்சல். அதற்குப் பெயர் அன்று எங்களிடம் இல்லை. அம்மாவுக்கும் அப்படி வரும். தலையைச் சுற்றிச் சேலைத் துண்டை இறுக்கிக் கட்டி, சித்தாலேப பூசிக்கொண்டு, தலையிடி என்பார். பேத்தி இப்போது “ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு தாத்தா” என்று வாய் திறந்து சொல்கிறாள். அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் இழுக்கிறார்கள் என்று அக்கா குறைப்படுவார். நான் அக்கா பக்கம் இல்லை. நாற்பது வருடம் துணியால் இறுக்கிக் கட்டியிருந்த ஒன்றை ஒரு பிள்ளை சொல்லாக வெளியே எடுத்துக் காட்ட முடிகிறதே, அம்மாவுக்கு அது வாய்த்திருக்கக் கூடாதா.

ஆறட்டும் என்று அப்பா சொன்ன அந்த இடைவெளியில்தான், 1986 ஏப்ரலில், லயத்துச் சனம் சிவனொளிபாதமலைக்குக் கிளம்பியபோது பெரியம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஹட்டன் வழியாக நல்லதண்ணியிலிருந்து ஏறுவதுதான் எல்லோரும் அறிந்த வழி. எங்கள் பக்கத்தார் பலாபத்தலையிலிருந்து ஏறுவார்கள், பழைய வழி, நீண்ட வழி. கிலிமலை தாண்டி, நானூறு மீற்றர் உயரம்கூட இல்லாத இடத்தில் தொடங்கி, 2,243 மீற்றர் உச்சிவரை ஒரே இரவில் ஏற வேண்டும். முதல் தடவை ஏறுகிறவர்களைக் கோடுகாரர் என்பார்கள். வழியில் குளிர்ந்த ஆற்றில் முழுகி, ஓரிடத்தில் ஊசியோடு நூலைச் செருகிவிட்டுப் போக வேண்டும். சிங்களவர் கருணாவை என்று வாழ்த்திக்கொண்டு இறங்க, நாங்கள் அரோகரா என்று ஏற, இருவரும் இருவருக்கும் தலையசைத்துக்கொண்டோம். எட்டு ஒன்பது வருடத்துக்கு முன் மலைக்குள் ஒளிந்து கிடந்தவனுக்கு அந்த இருட்டில் அந்தத் தலையசைப்பு என்ன செய்தது என்பதைச் சொல்ல எனக்குச் சொல் போதாது.

நடுச்சாமத்தில் கால் இரண்டும் மரத்துப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்து, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டுவிட்டேன். பெரியம்மா வாயைப் பொத்தினார். மலையில் தூரம் கேட்கக் கூடாதாம். கஷ்டம் என்றும் சொல்லக் கூடாதாம். கேட்டால் மலை நீளும். பிறகு தன் மடியிலிருந்து ரொட்டித் துண்டையும் சம்பலையும் எடுத்துக் கையில் வைத்து, நான் தின்று முடிக்கிறவரை தானும் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது மனுஷி, வெறுங்கால். ஹெரமிட்டிப்பானையில் குருவிட்டப் பாதை வந்து சேர, கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளுண்டு உச்சிக்குப் போனேன். ஏறிய தடவைக்கு ஏற்ப மணி அடிப்பது அங்கே வழக்கம். பெரியம்மா பதினான்கு அடித்தார், நான் ஒன்று. சூரியன் எழும்பியதும் மலையின் முக்கோண நிழல் மேற்கே, இரத்தினபுரிப் பக்கமாக விழுந்தது. எல்லோரும் சூரியனைக் கும்பிட, நான் நிழல் விழுந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் அப்பா முதல் சில மரங்களைத் தாண்டியிருப்பார். ஒரு நாள் பேர் போய்விடும் என்று அவர் வரவில்லை.

அடுத்த முறை எழுதித் தேறினேன். அதற்குப் பிறகும் வழி நேராக இல்லை. ஆசிரியர் வேலைக்குக் கேட்டால் பிரஜாவுரிமைத் துண்டைக் காட்டு என்றார்கள், அப்பா எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எந்த அலுமாரியில் கிடந்ததோ, 1988இல் நாடற்றவர்களுக்கென்று சட்டம் வந்த பிறகுதான் எங்களுக்கு ஒரு முடிவு வந்தது. இரவல் நூல்களோடு வெளிவாரிப் பட்டம் முடிக்க இன்னும் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் நான் ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் குறிப்பெழுதவில்லை, ஒன்றுவிட்டு ஒருநாள்.

பேத்தி தலைமுறைக்கு வந்தது வேறு வகைச் சோதனை. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலை உச்சிக்குப் போய் வகுப்புக் கேட்டாள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றபோது அக்கா அட்டத்திலிருந்து குப்பி லாம்பை இறக்கித் துடைத்துக் கொடுத்தார், ஆனால் ஊற்ற மண்ணெண்ணெய்தான் இல்லை. பிறகு 2025 நவம்பரில் அவள் உயர்தரம் எழுதிக்கொண்டிருந்தபோது டித்வா புயல். புளத்கொஹுபிட்டியப் பக்கத்தில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் யாருக்கும் தூக்கம் வராது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கையில் சாமசர மலை சரிந்த அதே நாளில் இங்கேயும் தோட்ட லயத்தின்மேல் மண் விழுந்ததைப் பார்த்த சனம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். பரீட்சை நடுவில் நின்றது. மீதிப் பாடங்கள் அடுத்த ஜனவரியில் என்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வகுப்பறை மூலையில், நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில், பாயில் உட்கார்ந்திருந்தாள். போன் செத்துக் கிடந்தது. முழங்குகிற மனிதரும் அதோடு போய்விட்டார். இருட்டிய பிறகு யாரோ ஒரு மெழுகுதிரி கொடுத்தார்கள். அவள் தமிழ்ப் பாடத்தைத் தணிந்த குரலில் படிக்கத் தொடங்கினாள், முதலில் வெட்கத்தோடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கூடி. பக்கத்துப் பாயில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த பெண் கேட்டாள், “நிப்பாட்டிட்டியே பாப்பா, அப்பறம் என்னா ஆச்சு?” நான் எழும்பி வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரியில் மீதியை எழுதி முடித்தாள். பெறுபேறுக்குக் காத்திருக்கிற இந்த மாதங்களில் அவளுக்கு மலைக்குப் போக வேண்டுமாம், பலாபத்தலை வழியாகத்தான் போக வேண்டுமாம். கையில் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறாள். எத்தனை காலடி, எத்தனை மீற்றர் உயரம், இதயம் எத்தனை அடி அடிக்கிறது, எல்லாம் சொல்லும். மலையில் தூரம் கேட்கக் கூடாது என்று சொன்னேன். “நான் கேக்க மாட்டேன் தாத்தா, அதுவாத்தான் சொல்லும்” என்றாள். எனக்கு வயது அறுபது, இடது முழங்கால் மழைக்கு வலிக்கிறது. இருந்தாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கோடுகாரி, ஊசி நூல் வேண்டும் என்று நேற்று டவுனுக்குப் போய் வெள்ளை நூற்கண்டு ஒன்றும் ஊசிப் பொட்டலமும் வாங்கி வந்தேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து கோக்கப் பார்த்தால் ஊசிக் காது கண்ணுக்கு அகப்படவே இல்லை. மூன்று தரம் எச்சில் தொட்டு முறுக்கியும் நூல் வெளியால்தான் போயிற்று. அவள் வந்து என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கோத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, “ஒனக்கும் ஒண்ணு போட்டு வைக்கிறேன்” என்று சொல்லிப் பொட்டலத்திலிருந்து இன்னோர் ஊசியை எடுத்தாள்.